சோறும் சருகும்: கல்லூரி வளாகத்தில் உரம் செய்யப் படிக்கும் பிள்ளைகள்

விடுதியில் மகளைச் சேர்த்திருக்கும் ஒரு தாய் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: “பிள்ளையைப் படிக்கத்தானே சார் அனுப்பினோம்? வாரத்துக்கு ரெண்டு நாள் குப்பையைக் கிளறிட்டு வர்றேன்னு போன்ல சொல்றா. கையெல்லாம் நாத்தமாம். இது என்ன பாடம்?”

கேட்டதில் கோபம் இருந்தது. அவர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. குப்பையைத் தொடுவது நம் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் வேலையா என்ற எண்ணம்தான் அது. நின்றவாக்கில் என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. தாவரவியல் வாத்தியார் என்பதால் அந்தக் குப்பைக் குவியலுக்குப் பொறுப்பாளர்களில் நானும் ஒருவன். இதே கேள்வி வேறு பெற்றோர் மனதிலும் இருக்கும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் இளநிலைப் பட்டம் படிக்கும் எல்லாரும், எந்தத் துறையாக இருந்தாலும், சுற்றுச்சூழல் கல்வி என்ற தாளை எழுத வேண்டும். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலிருந்து வந்த ஏற்பாடு இது. பிள்ளைகள் அதை நன்றாகவே எழுதுகிறார்கள். நீடித்த வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டால், வரும் தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று 1987ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள விளக்கத்தை அப்படியே ஒப்பிப்பார்கள். மதியம் அந்தத் தேர்வை எழுதிவிட்டு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருபவர், பாதித் தட்டுச் சோற்றைத் தொட்டியில் தட்டிவிட்டுப் போவார். அது எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. தாளில் அந்தக் கேள்வி வருவதில்லை.

எங்கே போகிறது என்று பார்ப்போம். 400 பேர் சாப்பிடும் ஒரு விடுதியில் ஒருவர் ஒரு வேளைக்கு 100 கிராம், அதாவது சுமார் ஒரு கரண்டிச் சோறு, மீதம் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 40 கிலோ. மூன்று வேளைக்கு 120 கிலோ. இதில் சமையலறையில் கழியும் காய்த்தோல், வெங்காயச் சருகு, டீத்தூள் எதுவும் சேரவில்லை. அந்த 120 கிலோவும் பீப்பாய்களில் நிரம்பி, வண்டியேறி, ஊருக்கு வெளியே உள்ள குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே மற்றக் குப்பைகளுக்கு அடியில் காற்றில்லாமல் அமுங்கி அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட, 100 ஆண்டுக் கணக்கில், சுமார் 28 மடங்கு வலியது. எளிதில் தீப்பற்றக்கூடியதும்கூட. சென்னை பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்ததைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சுற்றுப்புற மக்கள் சுவாசித்த அந்தப் புகைக்கு முதற்பொருள், நம்மைப் போன்றோர் சமையலறையிலிருந்து போனதுதான்.

2016இல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் முதலே, நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் கல்லூரி, விடுதி, திருமண மண்டபம் போன்றவை தங்கள் மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்பது சட்டம். ஆகவே பிள்ளைகள் செய்வது வாத்தியார்கள் பொழுதுபோகாமல் கண்டுபிடித்த வேலை அல்ல.

ஆனால் சட்டத்துக்காக மட்டும் என்றால் ஒரு ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாம். மாணவர் கையில் ஏன் கொடுக்க வேண்டும்?

வளாகத்தின் இரண்டு மூலைகள்

பெரும்பாலான கல்லூரி வளாகங்களில் காலை ஏழு மணிக்கு ஒரு காட்சி காணலாம். வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி மரங்களின் சருகைக் கூட்டிக் குவித்து ஒரு மூலையில் தீ வைப்பார்கள். அதே நேரம் இன்னொரு மூலையில் விடுதிச் சமையலறையின் ஈரக் குப்பை, ஈ மொய்க்க வண்டிக்காகக் காத்திருக்கும். ஒன்று காய்ந்தது, எரிந்து புகையாகிறது. மற்றொன்று நனைந்தது, அழுகி நாறுகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உரம். இவ்வளவு எளிய விஷயத்தை நாங்கள் பல ஆண்டுகள் அந்தப் புகையைக் கடந்து வகுப்புக்குப் போய்க்கொண்டே கவனிக்காமல் இருந்தோம்.

காரணம் இதுதான். குப்பையை உரமாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு உடல் வளர்க்க நைட்ரஜன் வேண்டும். உழைக்கும் சக்திக்குக் கார்பன் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். விடுதிச் சாப்பாட்டுக் கழிவில் இந்த அளவு சுமார் 15 முதல் 20தான். காய்ந்த சருகில் 40 முதல் 80 வரை. மரத்தூளில் பல நூறு. சாப்பாட்டுக் கழிவு தனியே கிடந்தால் நைட்ரஜன் மிஞ்சி அமோனியாவாக மூக்கில் ஏறும். சருகு தனியே கிடந்தால் ஒரு வருடம் ஆனாலும் சருகாகவே இருக்கும். கலவையில்தான் காரியம் இருக்கிறது. சருகுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சோறு களிபோல் ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். சருகு இடையில் புகுந்து காற்றுப் போக வழிவிடும்.

இந்தச் சேர்க்கையை அறிவியல் முறையாக வகுத்தது நம் நாட்டில்தான். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஓர் ஆய்வு நிலையத்தை நடத்தினார். சீன, இந்திய விவசாயிகள் தலைமுறைகளாகச் செய்துவந்ததைக் கவனித்து, பயிர்க் கழிவு, சாணம், சாம்பல், மண் ஆகியவற்றை அடுக்கி, குறித்த நாளில் புரட்டி, மூன்று மாதத்தில் உரம் எடுக்கும் முறையைத் தன் உதவியாளர் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931இல் நூலாக வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் அதை இந்தூர் முறை என்கிறார்கள். அந்த நிலையம் இருந்த இடத்தில் இப்போது வேளாண் கல்லூரி இருக்கிறது.

நம் முன்னோர் பக்கமும் இதற்கு வேர் உண்டு. முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில், டொலிடோ நகரத்து இப்னு பஸ்ஸால் 11ஆம் நூற்றாண்டிலும், செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் 12ஆம் நூற்றாண்டிலும் எழுதிய வேளாண் நூல்களில், மண் வகைகளை விளக்கிய கையோடு எருவைப் பற்றியும் விரிவாக எழுதினார்கள். எருவைப் பற்றி எழுதுவது தம் தகுதிக்குக் குறைவு என்று அந்த அறிஞர்கள் நினைக்கவில்லை.

நாறிய முதல் குவியல்

பாடம் தராசில் தொடங்குகிறது. முதல் வாரம் பிள்ளைகள் உரம் எதுவும் செய்வதில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் தராசும் நோட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேளையும் என்ன மிஞ்சியது, எவ்வளவு என்று எழுதுகிறார்கள். சோறு தனி, குழம்பு தனி, காய்த்தோல் தனி, எலும்பு தனி. இரண்டாம் நாளே அவர்களுக்கு இடியாப்பத்தன்று மீதம் குறைவு, உப்புமா நாளில் அதிகம் என்று தெரிந்துவிடும். சமையல்காரர் அதை நோட்டில் பார்த்து முகம் சுளிப்பார், அதுவும் பாடம்தான்.

அடுத்தது பிரிப்பது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று சுவரில் பச்சையும் நீலமுமாக எழுதி வைத்திருப்பதைப் படிப்பது வேறு. கையுறை போட்டுக்கொண்டு சோற்றுக்குள்ளிருந்து ரப்பர் பேண்டும், ஊறுகாய்ப் பாக்கெட்டும், பார்சல் சாம்பார் கட்டிய பிளாஸ்டிக் பையும் ஒவ்வொன்றாக எடுப்பது வேறு. ஒரு மணி நேரம் அதைச் செய்த பெண், அதற்குப் பிறகு ரப்பர் பேண்டைத் தட்டில் போடுவதில்லை. அவள் தோழிகள் போட்டாலும் விடுவதில்லை.

பிறகு குவியல். நான்கு பக்கமும் மூங்கில் தட்டியோ கம்பி வலையோ வைத்த, மூன்றடிக்குக் குறையாத நீள அகல உயரமுள்ள கூண்டு. அதைவிடச் சிறிதாக இருந்தால் சூடு தங்காது. அடியில் குச்சியும் தடித்த சருகும். அதன்மேல் ஒரு வாளி ஈரக் குப்பைக்கு இரண்டு அல்லது மூன்று வாளி சருகு என்று மாறி மாறி. மேல் அடுக்கு எப்போதும் சருகாகவே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஈ உட்காராது.

இந்த விதி இப்போது எனக்கு மனப்பாடம். முதல் ஆண்டு மனப்பாடம் இல்லை. சருகைச் சேர்த்து வைக்காமலேயே ஆரம்பித்தோம். தோட்டக்காரர் வழக்கம்போல் கூட்டி எரித்துவிட்டார்; அவரிடம் யாரும் சொல்லவில்லை. சோறும் குழம்பும் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பத்தே நாளில் அழுகிய முட்டை வாடை பெண்கள் விடுதி ஜன்னல் வரை எட்டியது. வார்டன் கூண்டை மூடச் சொன்னார். மாணவிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் நான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன், சருகை முன்கூட்டியே சேர்க்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர. அங்கே கூட்டிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்காதான் சொன்னார்: “வெறும் சோத்தப் போட்டா நாறத்தான் செய்யும் சார். எங்க ஊர்ல எருக்குழியில ஒரு கூடை சாணின்னா ரெண்டு கூடை செத்தை போடுவோம்.” அன்று பிற்பகல் வகுப்பை அவரிடமே கொடுத்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை, அடுத்த ஆண்டு செய்தேன்.

அந்த நாற்றம்தான் பிள்ளைகளுக்கு முதல் உண்மையான பாடம். குவியலை முழுவதும் வெளியே இழுத்து, பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து சாக்கு சாக்காகச் சருகும் நார்க் கழிவும் கொண்டுவந்து, திரும்ப அடுக்கினார்கள். மூன்றாம் நாள் வாடை போய்விட்டது. ஐந்தாம் நாள் காலையில் ஒரு மாணவி குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவி, தொட்டுவிட்டு “சுடுது சார்!” என்று கத்தினாள். நெருப்பு இல்லை, மின்சாரம் இல்லை. குப்பை தானாகச் சூடாகியிருந்தது. நுண்ணுயிர்கள் உண்டு பெருகும்போது விடும் வெப்பம் அது. நல்ல குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டை உரிய நாள்கள் தக்கவைத்து, ஓரத்தில் உள்ளதும் நடுவுக்கு வரும்படி பலமுறை புரட்டினால், நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். 70 டிகிரிக்கு மேல் ஏறினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாகும். உடனே புரட்டி ஆற்ற வேண்டும்.

இதற்குப் பிறகு பிள்ளைகள் என்னைக் கேட்பதில்லை; குவியலைக் கேட்கிறார்கள். அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை, புரட்டு. மூக்கைக் குத்தும் அமோனியா என்றால் சருகு போதவில்லை. வாடையே இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளி. ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம். ஒன்றுமே வரவில்லை என்றால் குறைவு. நெளியும் பெரிய புழுக்களைப் பார்த்து முதலில் எல்லாரும் அலறுவார்கள். பெரும்பாலும் அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். மனிதருக்குத் தீங்கு இல்லை, குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும். இரண்டு வாரத்தில் அதே பெண்கள் அதைப் புதியவர்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

சூடு தணிந்தபின் குவியல் ஆற வேண்டும். அப்போது வெள்ளை நூல்போலப் படர்வதும், மழை பெய்த மண்ணின் வாசனை வருவதும் ஆக்டினோமைசீட் என்ற நுண்ணுயிர்க் கூட்டத்தின் வேலை. மொத்தம் மூன்று மாதம் போல ஆகும். போட்டதில் பாதியோ அதற்கும் குறைவோதான் மிஞ்சும். அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. முழுதாக மக்காத உரம் மண்ணில் உள்ள நைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும், நாற்றையும் கருக்கிவிடும். அதனால் மாணவிகள் இரண்டு சோதனை செய்கிறார்கள். ஈரமான உரத்தைப் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தால் மண்வாசனை வர வேண்டும், புளித்த வாடை வரக் கூடாது. அடுத்து, உரம் கலந்த மண்ணில் பத்து வெந்தயம், வெறும் மண்ணில் பத்து வெந்தயம் ஊன்றி, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மாதிரி, ஒப்பீடு என்று வாத்தியார்கள் எவ்வளவு சொன்னாலும் ஏறாதது, இந்த இருபது வெந்தயத்தில் ஏறிவிடுகிறது.

சில வளாகங்களில் 24 மணி நேரத்தில் உரம் தரும் என்று சொல்லி விற்கும் இயந்திரத்தை வாங்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல, சோற்றை அரைத்துச் சூடாக்கி உலர்த்துகின்றன, அவ்வளவுதான். வெளியே வரும் பழுப்புத் தூள் காய்ந்த சாப்பாடே தவிர உரம் அல்ல. தண்ணீர் பட்டால் மறுபடி அழுக ஆரம்பிக்கும். அதற்குப் பிறகும் சருகோடு சேர்த்துச் சில வாரம் மக்கவிட வேண்டும். மின்சாரச் செலவு வேறு. நன்கொடை தரும் நல்லுள்ளங்கள் இயந்திரம் வாங்கித் தருவதைவிட ஒரு கூரைக் கொட்டகையும் நான்கு மண்வெட்டியும் வாங்கித் தந்தால் பிள்ளைகள் அதிகம் கற்பார்கள் என்பது என் கருத்து.

தொழுகை, உடல்நலம், பெற்றோர் கேட்டவை

மாணவிகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது சுத்தம் பற்றி. காய்த்தோல், சோறு, சருகு இவை நஜீஸ் அல்ல. ஆனால் குவியலைத் தொடங்கிவைக்க வழக்கமாகச் சேர்க்கும் மாட்டுச் சாணம் ஷாஃபிஈ, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் நஜீஸ். எனவே எங்கள் பிள்ளைகள் குவியலில் சாணம் சேர்ப்பதில்லை. சென்ற குவியலின் பழைய உரம் ஒரு கூடை போதும். தேவையான நுண்ணுயிர்கள் அதிலேயே இருக்கின்றன. மேலங்கி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ளுஹருக்குப் போகிறார்கள். கையுறை கட்டாயம். காய்ந்த குவியலைப் புரட்டும்போது பூஞ்சைத் தூள் பறக்கும் என்பதால் முகக்கவசமும் கட்டாயம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைப் புரட்ட விடக் கூடாது. அவர்கள் தராசையும் நோட்டையும் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இருந்தால் தயங்காமல் முன்பே தெரிவித்துவிடுங்கள்.

அந்தத் தாய் கேட்காமல் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். விடுதிப் பீப்பாயைத் தினமும் ஒரு மனிதர் தூக்குகிறார். நம் பிள்ளை கையுறையோடு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தொட்டதை, அவர் பல நேரம் கையுறையே இல்லாமல் எட்டு மணி நேரம் தொடுகிறார். குப்பையைப் பிரிக்காமல் போட்டால் உடைந்த கண்ணாடி கிழிப்பது அவர் கையைத்தான். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மதரஸாவில் சிறு வயதிலேயே படித்தவர்கள் நம் பிள்ளைகள்.

வெளிநாட்டிலும் இது மாணவர் வேலையாக நடக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிஸ் என்ற வளாகத்தில் 1977 முதல் மாணவர் பண்ணை ஒன்று இருக்கிறது. 1999இல் மாணவர்களே ‘புராஜெக்ட் கம்போஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கி, வளாகத்தின் உணவுக் கழிவைத் தாங்களே சேகரித்து உரமாக்கத் தொடங்கினார்கள். மாணவர் பேரவையின் கீழ் அது நடந்துவந்தது. மாணவர்கள் சில ஆண்டுகளில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். அடுத்து வருபவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்களுக்கு இன்னும் சரியாக வராதது அதுதான். மூன்றாம் ஆண்டு மாணவிகள் தேர்வுக்குப் போனதும் குவியல் அநாதையாகிவிடுகிறது. ஏப்ரல், மே விடுமுறையில் காய்ந்து நின்றுவிடுகிறது. இப்போது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை டிசம்பரிலேயே சேர்த்துப் பழக்கிப் பார்க்கிறோம்.

இனி முக்கியமான விஷயம். உரம் நன்றாக வருகிறது என்பதற்காகச் சோற்றைக் கொட்டலாம் என்று ஆகிவிடக் கூடாது. இந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. “வீணாகவா போகுது, உரமாத்தானே ஆகுது” என்று ஒரு மாணவி சொல்லக் கேட்டேன். ஒரு கிலோ அரிசி விளையச் செலவான தண்ணீர், உழைப்பு, சமைத்த எரிவாயு எல்லாம் போய், கைநிறைய உரம் மட்டும் திரும்பக் கிடைப்பது லாபம் ஆகாது. ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஹோட்டல்களை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. உண்பதையும் பருகுவதையும் அனுமதித்த அதே வசனத்தில், அல் அஃராஃப் அத்தியாயம் 31இல், அல்லாஹ் வீண்விரயத்தைத் தடுக்கிறான். கீழே விழுந்த கவளத்தைக்கூடச் சுத்தம் செய்து உண்ணவும், தட்டில் எதையும் விட்டுவிடாமல் வழிக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததை முஸ்லிம் நூலில் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அதனால்தான் முதல் வாரத்துத் தராசை நாங்கள் எடுத்துவிடவில்லை. ஆண்டு முழுவதும் வாசலிலேயே இருக்கிறது. நேற்று எவ்வளவு கிலோ என்று பலகையில் எழுதி வைக்கிறார்கள். சமையல்காரரோடு உட்கார்ந்து பேசி, உப்புமா நாளில் அளவைக் குறைத்தார்கள். முதலில் பாதிக் கரண்டி வாங்கி, வேண்டுமானால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு வந்தது. குவியலுக்கு வரும் சோறு குறையத் தொடங்கியது. சோறு குறைந்து, காய்த்தோலும் சருகும் மட்டுமே வரும் குவியல்தான் நல்ல வகுப்பின் அடையாளம் என்று நான் நினைக்கிறேன். உரம் அதிகம் வந்தது என்று ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதும் கல்லூரியிடம், ஏன் அவ்வளவு சோறு மிஞ்சியது என்று பெற்றோர் கேட்கலாம்.

நம் மஹல்லாவிலும் இதற்கு இடம் இருக்கிறது. வலீமா முடிந்தபின் மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சஹனில் நான்கு பேர் சேர்ந்து உண்ணும் ஊர்களில் மீதம் குறைவு. தனித்தனி இலையில் பரிமாறினால் அதிகம். ரமளானில் நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தில் மிஞ்சுவது, பிளாஸ்டிக் டம்ளரோடு சேர்ந்து ஒரே பையில் போகிறது. உரம் செய்யப் பழகிய ஒரு மாணவியும் இரண்டு வாளிகளும் இருந்தால், இஃப்தார் முடிந்த பத்து நிமிடத்தில் பழத்தோல் ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம் என்று பிரித்துவிடலாம். வாழையிலை மிக நன்றாக மக்கும். கிழித்துப் போட்டால் போதும்.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு, பக்கவாட்டில் துளையிட்ட பழைய பெயின்ட் வாளியோ மண்தொட்டியோ இரண்டு போதும். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றதில் போடலாம். காய்த்தோல், டீத்தூள், முட்டை ஓடு இவற்றோடு, இரண்டு மடங்கு சருகோ, கிழித்த அட்டைப்பெட்டித் துண்டோ. சிறிய அளவில் செய்வதால் பெரிய சூடு வராது; கொஞ்சம் கூடுதல் நாளாகும். சமைத்த குழம்பும் எண்ணெயும் வேண்டாம்.

போன வாரம் அந்தத் தாய் மறுபடி போன் செய்தார். விடுமுறைக்கு வந்த மகள், ஒரு பையில் உரம் கொண்டுவந்து கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுவிட்டு, சமையலறையில் இரண்டு வாளி வைத்துவிட்டாளாம். இப்போது அவருக்கு வேறு கேள்வி: “ஞாயித்துக்கிழமை பிரியாணி எலும்பை எந்த வாளியில போடுறது?”

இரண்டிலும் வேண்டாம் என்றேன். திறந்த குவியலில் இறைச்சியும் எலும்பும் போட்டால் நாயும் எலியும் தேடி வரும்; எலும்பு மக்கவும் நெடுநாள் ஆகும். விடுதியிலும் எலும்பைத் தனியே கட்டி நகராட்சி வண்டிக்குத்தான் கொடுக்கிறோம். குர்பானிக் கழிவுக்கும் இதே விதிதான். அதை மாணவர் குவியலுக்கு அனுப்பக் கூடாது. தோட்டம் உள்ளவர்கள் கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கலாம். இடமில்லாதவர்கள் பெருநாளுக்கு முன்பே ஜமாஅத் மூலம் நகராட்சியிடம் சொல்லித் தனி வண்டி கேட்டு வைப்பது நல்லது.